அதிகாரம் இல்லை என்பதற்கு ஒரு அத்தாட்சி

அம்புறோஸுக்குச் சொந்தமாக ஒரு சட்டசபை இருக்கிறது என்ற செய்தி 1989ஆம் ஆண்டு சனவரியில் பதிவுத் தபாலில் வந்து சேர்ந்தது.

அதுவரைக்கும் அவனுக்கு அது தெரியாது. தீவின் வடக்குக் கரை ஊரான பேசாலையில் கடற்றொழில் செய்தவன் அவன். இப்போது பாரிசில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினான். லா ஷப்பலில், பிலிப்-து-ஜிரார் தெருவில், ஐந்தாம் மாடி அறையொன்றில் இன்னும் மூன்று பேரோடு இருந்தான். ஊரில் இராணுவத்தினர் அவனை இரண்டு தடவை பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் தடவை நாற்பத்தொரு நாள் வைத்திருந்து, முதுகில் சில அடையாளங்களைப் போட்டு வெளியே விட்டார்கள். மனைவி பியட்றிஸும் இரண்டு பெண்பிள்ளைகளும் கடல் தாண்டி மண்டபம் அகதி முகாமில் இருந்தார்கள். பிரான்ஸ் அவனை அகதி என்று ஒத்துக்கொண்டால் அவர்களைக் கூப்பிடலாம். ஒத்துக்கொள்வதற்கென்று ஓர் அரசாங்கக் கந்தோர் இருந்தது. ஒன்றரை வருடமாக அந்தக் கந்தோர் யோசித்துக்கொண்டிருந்தது.

யோசித்து முடித்ததன் பலன்தான் அந்தத் தபால். இரண்டு பக்கம், முழுக்கப் பிரெஞ்சு. அம்புறோஸ் அதை மடிப்புக் குலையாமல் எடுத்துக்கொண்டு மொசியே பெர்னாரிடம் போனான்.

மொசியே பெர்னார் புதுச்சேரிக்காரர். பிரான்சில் தபால் இலாகாவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பாரிசுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் தனியாக இருந்தார். செவ்வாயும் வியாழனும் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு லா ஷப்பலுக்கு வந்து, ஒரு கபேயின் மூலை மேசையில் உட்கார்ந்து, ஆட்களுக்கு வந்த கடிதங்களை வாசித்துச் சொல்வார். புதுச்சேரி கைமாறிய காலத்தில் அவருடைய தகப்பனார் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டதால் அந்தக் குடும்பம் பிரெஞ்சுக் குடும்பமாகவே தொடர்ந்தது. ஒரு படிவத்தால் உண்டான மனிதர் என்பதால் படிவங்களிடம் அவருக்கு அளவில்லாத பக்தி.

கடிதத்தை அவர் இரண்டு தடவை வாசித்தார். இரண்டாம் தடவை வாய்விட்டு வாசித்தார்.

"எவ்வளவு அழகான பிரெஞ்சு, தம்பி! இந்த மாதிரி இப்பல்லாம் யாரு எழுதறாங்க?"

"என்ன எழுதியிருக்கு, ஐயா?"

"ஒங்களத் தள்ளிட்டாங்க."

பிறகு அவர் வரிவரியாக விளக்கினார். விண்ணப்பதாரி வாழ்ந்த பிரதேசத்துக்குத் தீவின் மத்திய அரசு சட்டமியற்றும் அதிகாரத்தைப் பகிர்ந்து அளித்திருக்கிறது. ஆகவே விண்ணப்பதாரியின் இனம் இப்போது தானே சட்டம் இயற்றும் இனமாகிவிட்டது. தன் சட்டத்தைத் தானே இயற்றும் ஒருவர் அந்தச் சட்டத்தால் துன்புறுத்தப்படுவது தர்க்கத்துக்குப் பொருந்தாது. குறைகள் ஏதும் இருந்தால் விண்ணப்பதாரி தன் சொந்தச் சபையை அணுகலாம். ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கோரும் உரிமையும் உண்டு.

"என்ரை சபையோ?" என்றான் அம்புறோஸ்.

"ஆமா. ஒங்களோடதுதான். இங்க பாருங்க, பெரிய எழுத்துல போட்டிருக்காங்க."

மறுபரிசீலனைக்கு இருவரும் சேர்ந்து போனார்கள். மொழிபெயர்ப்பாளராக வருவதற்கு மொசியே பெர்னார் தனியாக ஒரு படிவம் நிரப்பி அனுமதி வாங்கியிருந்தார்.

கந்தோரில் இதற்காகவே புதிதாக ஒரு பிரிவு திறந்திருந்தார்கள். கதவில், "பகிர்ந்தளிக்கப்பட்ட அதிகாரங்களுக்கான விசேட பிரிவு" என்று பித்தளைப் பலகை. உள்ளே மதாம் ஜிஸ்லேன் என்ற அதிகாரி எழுந்து நின்று அம்புறோஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"முதலில் என் வாழ்த்துகள்," என்றார். மிகவும் நல்ல பெண்மணி. முகத்தில் உண்மையான சந்தோசம் தெரிந்தது. "இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்திருந்தால் உங்களிடம் நான் வெறும் அனுதாபம்தான் தெரிவித்திருப்பேன். உங்கள் சபை எந்தெந்த விடயங்களில் சட்டம் இயற்றலாம் என்று உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று அம்புறோஸ் தலையாட்டினான். அவர் ஒரு பட்டியலை எடுத்து வாசித்தார். முப்பதுக்கு மேல் இருந்தன. சந்தைகள், திருவிழாக் கடைகள், அடைவு பிடிப்போர், தங்கு மடங்கள், தெருவில் அலையும் கட்டாக்காலி மாடுகளைப் பிடித்து அடைத்தல், இடுகாடுகளும் சுடுகாடுகளும்.

"கட்டாக்காலி மாடுகளை எடுத்துக்கொள்ளுங்கள்," என்றார். "முன்பு அவற்றின் விதி தலைநகரத்தில் தீர்மானிக்கப்பட்டது. இன்று உங்கள் கையில் இருக்கிறது."

"எனக்கு மாட்டைப் பற்றித் தெரியாது, மதாம். நான் கடல் தொழில்."

மதாம் ஜிஸ்லேனின் முகம் வாடிவிட்டது. பட்டியலை மேலிருந்து கீழாக விரலால் தடவிப் பார்த்தார். "கடல் உங்களிடம் இல்லை," என்றார் வருத்தத்தோடு. "கடல் மத்திய அரசிடம் இருக்கிறது. கரை வரைக்கும்தான் நீங்கள்."

"அப்ப நான் கடலுக்குப் போகாமல் இருந்திருக்க வேணும்."

மொசியே பெர்னார் அதை மொழிபெயர்த்தார். மதாம் ஜிஸ்லேன் அதைக் குறித்துக்கொண்டார்: விண்ணப்பதாரியின் பிரச்சினை பெருமளவுக்குத் தொழில் சார்ந்தது.

"சுடுகாட்டைப் பற்றிச் சொன்னீங்கள்," என்றான் அம்புறோஸ். "எங்கடை பக்கத்திலை அதுக்கு இப்ப இடம் காணாது, மதாம். அதாலைதான் நான் வந்தனான்."

"பார்த்தீர்களா! அதைத்தான் உங்கள் சபை தீர்த்துவைக்கும். புதிய இடுகாடு திறக்க அதற்கு முழு உரிமை உண்டு."

அம்புறோஸ் வேறு வழியில்லாமல் எழுந்து நின்று சட்டையைக் கழற்றித் திரும்பினான். மதாம் ஜிஸ்லேன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதுகைப் பார்த்தார். அவருடைய கண் கலங்கியதை மொசியே பெர்னார் பார்த்தார்.

"இது எந்த வருடம்?"

"எண்பத்தாறு."

"சட்டத் திருத்தம் எண்பத்தேழு," என்று அவர் பெருமூச்சு விட்டார். "தழும்பு சட்டத்துக்கு முந்தியது. பழைய ஆட்சிமுறையின் தழும்பை வைத்துக்கொண்டு புதிய ஆட்சிமுறையைக் குறை சொல்வது நியாயமில்லையே."

பிறகு, உதவி செய்யும் நோக்கத்தோடு, ஒரு வழி சொன்னார். உங்கள் சபைக்குக் காகிதத்தில் அதிகாரம் இருக்கிறது, நடைமுறையில் இல்லை என்கிறீர்கள். நல்லது. அப்படியென்றால் அதிகாரம் இல்லை என்பதற்கு ஓர் அத்தாட்சி கொண்டுவாருங்கள். தகுதிவாய்ந்த அதிகாரியின் கையொப்பமும் முத்திரையும் வேண்டும்.

"ஆர் தகுதிவாய்ந்த அதிகாரி?"

மதாம் ஜிஸ்லேன் விதிப் புத்தகத்தைப் பார்த்தார். "சபைதான்," என்றார்.

கடிதத்தை மொசியே பெர்னாரே எழுதினார். தபால் இலாகாவில் கற்ற சகல மரியாதைகளையும் அதில் போட்டார். இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார், இன்ன தேவைக்காக, தங்கள் மேலான சபைக்கு அதிகாரம் ஏதும் இல்லை என்பதைத் தயவுகூர்ந்து எழுத்தில் உறுதிப்படுத்துமாறு மிகத் தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறார். ஊர் விலாசம் கேட்டார். அம்புறோஸ் தமையன் கிறிஸ்தோப்பரின் வீட்டு விலாசத்தைக் கொடுத்தான்.

"இப்பிடிக் கேட்டால் கோவிக்க மாட்டினமோ, ஐயா?"

"ஏன் கோவிக்கறாங்க? நிர்வாகம்னா கேள்வி கேட்டா பதில் சொல்லணும். அதுக்குத்தானே இருக்கு."

மூன்று மாதம் போனது. பியட்றிஸ் முகாமிலிருந்து எழுதினாள்: மூத்தவளுக்கு உங்கள் முகம் மறந்துபோகத் தொடங்கிவிட்டது, ஒரு படம் அனுப்புங்கள். அவன் ரயில் நிலையத்தில் இருந்த தானியங்கிப் பெட்டிக்குள் இருந்து படம் எடுத்து அனுப்பினான். அதில் அவன் தலைக்கு மேலே வெளிச்சம் பட்டு, மூக்குக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

மே மாதத்தில் பதில் வந்தது. அதை வாசிக்க மொசியே பெர்னார் தேவைப்படவில்லை. என்றாலும் அம்புறோஸ் அதைத் திறக்காமல் கபேக்குக் கொண்டுபோனான்.

"தங்களின் கடிதம் கிடைக்கப்பெற்றது. இச்சபைக்கு அதிகாரம் உண்டா இல்லையா என்பது குறித்துக் கருத்துத் தெரிவிக்கும் அதிகாரம் இச்சபைக்கு வழங்கப்படவில்லை என்பதைப் பணிவுடன் அறியத்தருகிறோம். தங்கள் கடிதம் தக்க நடவடிக்கைக்காக மேலிடத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது. சபையின் முத்திரை தலைநகரத்திலிருந்து இன்னும் வந்துசேராதபடியால் இதில் கூட்டுறவுச் சங்கத்தின் முத்திரை இடப்பட்டுள்ளது. கட்டாக்காலி மாடுகள் தொடர்பான முறைப்பாடுகள் இருப்பின் மூன்று பிரதிகளில் அனுப்பவும். இங்ஙனம், பதில் உதவிக் காரியதரிசிக்காக."

மொசியே பெர்னார் மேசையில் ஓங்கித் தட்டினார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கெடைச்சிடுச்சு தம்பி! அதிகாரம் இல்லைன்னு சொல்றதுக்குக்கூட அதிகாரம் இல்லையாம். இதைவிட நல்ல அத்தாட்சி உலகத்துலயே கெடையாது. எழுத்து, சீல், கையெழுத்து எல்லாம் இருக்கு."

அன்றைக்கு அம்புறோஸ் ஒரு சிறு பெட்டி கேக் வாங்கிக்கொண்டு அறைக்குப் போனான். அறையில் இருந்த மூன்று பேரும் காரணம் கேட்காமல் சாப்பிட்டார்கள்.

இந்தத் தடவை அவர்களைச் சந்தித்தவர் பிரிவின் தலைவர், மொசியே ழான்-லூக். அவருடைய அறையில் பெரிய யன்னல் இருந்தது. கடிதத்தின் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு அவர் யன்னலருகில் நின்றே பேசினார்.

"அதிகாரப் பகிர்வைப் பற்றி எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாங்களே அதைச் செய்தவர்கள். இருநூறு வருடமாக இந்த நாட்டில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உட்காரும் வாங்குக்கு என்ன நிறம் பூசுவது என்று பாரிஸ்தான் தீர்மானித்தது. எண்பத்திரண்டில் அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டினோம். இன்று அந்தக் கிராமம் தானே நிறத்தைத் தெரிவு செய்யலாம். தெரிவு செய்து மாவட்ட அதிகாரிக்கு அறிவிக்கும். அவர் பாரிசுக்கு அறிவிப்பார். நாங்கள் ஆட்சேபிக்காவிட்டால் வாங்குக்கு அந்த நிறம் பூசப்படும். இதுதான் சுதந்திரம், மொசியே. இதற்குக் காலம் எடுக்கும். என் மைத்துனி மேற்குக் கரைப் பிரெத்தோன் இனக்காரி. அவளுக்கும் சொந்த மொழி இருக்கிறது. அதை அவளுடைய பாட்டன் பள்ளிக்கூடத்தில் பேசியதற்காக அடி வாங்கியிருக்கிறார். அவர் எங்கேயும் போய் அகதி என்று கேட்கவில்லை."

மொசியே பெர்னார் மொழிபெயர்த்து முடிக்கும்வரைக்கும் அவர் மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு கடிதத்துக்கு வந்தார்.

"அதிகாரம் இல்லை என்று சொல்ல இந்தச் சபைக்கு அதிகாரம் இல்லை. அப்படியானால் இது சொல்வது செல்லாது. அல்லது, சொன்னது செல்லும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது செல்லுபடியாகும் ஓர் உத்தியோகபூர்வக் கூற்றை வெளியிட்ட சபை அது. ஆகவே அதற்கு அதிகாரம் இருக்கிறது. எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் உங்களுக்குப் பாதகம். இன்னொன்று. அவர்கள் மூன்று மாதத்தில் பதில் அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் உங்களுக்குப் பதில் அனுப்பப் பதினெட்டு மாதம் எடுத்தோம். இரண்டில் எது நன்றாக இயங்கும் நிர்வாகம் என்று நீங்களே சொல்லுங்கள்."

அம்புறோஸ் முதலாம் நாள் மதாம் ஜிஸ்லேன் வாழ்த்தியபோது இருந்த அதே குழப்பத்தோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மிகப் பாரதூரமான விடயம் கடைசியில் வருகிறது," என்று மொசியே ழான்-லூக் குரலைத் தணித்தார். "உங்கள் நாட்டு அதிகாரிகளுக்குப் பயந்து ஓடிவந்ததாகச் சொல்கிறீர்கள். ஆனால் அவர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள்."

மொசியே பெர்னார் அதை மொழிபெயர்க்கவில்லை. நேரே அவருக்கே பதில் சொன்னார். முப்பத்தொரு வருட உத்தியோகத்திலும் அதற்குப் பிறகும் ஒரு மேலதிகாரிக்கு அவர் எதிர்த்துச் சொன்ன முதல் வசனம் அதுதான். "எழுதச் சொன்னது நீங்கள்தானே, மொசியே."

"சொன்னோம். மறுக்கவில்லை," என்றார் தலைவர். "ஆனால் உண்மையாகவே பயந்த ஒருவர் எழுதியிருக்க மாட்டார்."

திரும்பி வரும்போது ரயிலில் மொசியே பெர்னார் கழுத்துப்பட்டியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். லா ஷப்பலில் இறங்குவதற்கு முன், "நானும் தபாலாபீசுல எத்தனை பேருக்கு 'இந்தச் சன்னல் இல்ல, அடுத்த சன்னல்'னு சொல்லியிருக்கேன், தம்பி," என்றார். இறுதி முடிவு செப்டெம்பரில் வரும் என்று கந்தோரில் சொல்லியிருந்தார்கள். அது என்ன முடிவு என்று இருவருக்கும் தெரியும்.

ஆகஸ்ட் மாத நடுவில் மண்டபத்திலிருந்து கனமான கடித உறை ஒன்று வந்தது. மேலே பியட்றிஸின் ஒரே ஒரு வரி. "இனிமேல் ஒரு கந்தோருக்கும் கடிதம் எழுதாதேங்கோ." உள்ளே கிறிஸ்தோப்பரின் கையெழுத்தில் மூன்று பக்கம்.

"தம்பி, நாங்களும் இஞ்சை வந்து சேர்ந்திட்டம். போன மாதம் நாலு பேர் வீட்டுக்கு வந்தவை. கையிலை நீ சபைக்கு எழுதின கடிதம் இருந்தது. ஆர் இந்த அம்புறோஸ், சபைக்கு அதிகாரம் இல்லை எண்டு அத்தாட்சி கேக்கிறதுக்கு அவன் ஆர் எண்டு கேட்டவை. எனக்கு ஒண்டும் தெரியாது எண்டன். நம்பேல்லை. எந்தப் பகுதி ஆக்கள் எண்டு நான் கேக்கேல்லை. இப்ப அங்கை ஆயுதத்தோடை நாலைஞ்சு பகுதி இருக்கு, எல்லாருக்கும் உன்ரை கடிதத்தாலை கோவம் வரலாம். மேல் வரிசையிலை பல்லு நாலு போயிட்டுது. வலது கையை நீட்ட ஏலாது. வள்ளத்தை எரிச்சுப்போட்டினம். நீ என்னத்துக்கு அப்பிடி எழுதினாய் எண்டு மட்டும் எனக்குச் சொல்லு. நான் கோவத்திலை கேக்கேல்லை. அவை கேக்கேக்கை சொல்லத் தெரியாமல் நிண்டனான், அதாலை கேக்கிறன்."

அம்புறோஸ் அன்றைக்கு வேலைக்குப் போனான். கழுவிய கோப்பைகளையே திரும்பவும் எடுத்துக் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்து முதலாளி அவனை நேரத்தோடு அனுப்பிவிட்டார்.

கடிதத்தைக் கந்தோருக்குக் கொண்டுபோகச் சொன்னவர் மொசியே பெர்னார். அம்புறோஸ் முதலில் மாட்டேன் என்றான். பியட்றிஸின் ஒரு வரியைக் காட்டினான். "இது நாம எழுதற லெட்டர் இல்ல தம்பி. ஒங்களுக்கு வந்த லெட்டர்," என்றார் அவர். வேறு ஆதாரமும் கையில் இருக்கவில்லை. போனார்கள்.

மொசியே ழான்-லூக் மொழிபெயர்ப்பை வாசிக்க வாசிக்க எழுந்துவிட்டார். மதாம் ஜிஸ்லேனையும் கூப்பிட்டார்.

"இது எண்பத்தொன்பது ஜூலை," என்றார் அவரிடம். "சட்டத் திருத்தத்துக்குப் பிந்தியது. வந்தவர்கள் வெறுமனே வரவில்லை, கையில் கடிதத்தோடு வந்திருக்கிறார்கள். எழுத்து மூலமான ஆதாரம்! விண்ணப்பதாரியின் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். பகிர்ந்தளிக்கப்பட்ட அதிகாரங்களைக் கேள்விக்கு உட்படுத்தியமைக்காகத் தேடப்படும் நபர். இந்தப் பிரிவு திறந்த நாளிலிருந்து இப்படித் தெளிவான ஒரு கோப்பு எங்களுக்குக் கிடைத்ததே இல்லை."

மதாம் ஜிஸ்லேன் இரண்டாம் தடவையாக அம்புறோஸின் கையைக் குலுக்கினார்.

"பாருங்கள்," என்று தலைவர் அம்புறோஸின் தோளில் கையை வைத்தார். "எங்கள் நடைமுறையைச் சிலர் கடுமையானது என்பார்கள். ஆனால் ஆபத்து இல்லாத ஒருவரை நாங்கள் ஒருபோதும் அங்கீகரிப்பதில்லை. உங்களுக்கு ஆபத்து இருக்கவில்லை. பொறுமையாக இருந்தோம். உரிய அதிகாரிகளை அணுகச் சொன்னோம். இப்போது ஆபத்து இருக்கிறது. நடைமுறை வேலை செய்திருக்கிறது."

நவம்பர் முதல் கிழமையில் அம்புறோஸுக்குக் கார்ட் கிடைத்தது. அடுத்த பத்து வருடத்துக்கு அவன் அகதி. மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிடுவதற்கான படிவங்களை மொசியே பெர்னார் கபேயில் வைத்தே நிரப்பிக் கொடுத்தார். மூன்று படிவம், மூன்று படம். வேலை அரைமணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. அம்புறோஸ் எழும்பவில்லை.

"அண்ணைக்கும் ஒண்டு எழுதவேணும், ஐயா."

"அண்ணன் குடும்பத்துல சேர மாட்டாரு, தம்பி. அவருக்குத் தனி தொசியே, தனி ஃபைல். அவரு சொந்தக் காரணம் காட்டணும்." மொசியே பெர்னார் புதிய தாள் ஒன்றை எடுத்துப் பெயரை எழுதினார், ஊரை எழுதினார். "அவரு அங்க என்ன செஞ்சாரு? கட்சி, கூட்டம், ஏதாவது?"

"ஒண்டும் செய்யேல்லை."

"சபையைப் பத்தி அவருக்கு அபிப்பிராயம் ஏதாவது?"

"அப்பிடி ஒண்டு இருக்கெண்டே அவருக்கு அந்த நாலு பேர் வந்து சொல்லித்தான் தெரியும்."

"அப்ப தள்ளிடுவாங்களே தம்பி." அவர் பேனையை மேசையில் வைத்தார். "என்ன காரணம்னு எழுதறது?"

அம்புறோஸ் வெளியே பார்த்தான். தெருவில் யாரோ மரக்கறிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி பிரான்சிலை கேட்ட கேள்விக்கு ஊரிலை பதில் சொன்னவர் எண்டு எழுதுங்கோ."

மொசியே பெர்னார் அவனுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு பேனையை எடுத்து, மரியாதை வார்த்தைகள் எதுவும் சேர்க்காமல், அதை அப்படியே எழுதினார்.